மன்னித்துவிட்டால் நீதி வேண்டாமா? பாவ அறிக்கை, கிருபை, மீட்பு பற்றி ஒரு விளக்கம்

2019 ஏப்ரல் 21, இலங்கையில் தேவாலயங்களையும் ஹோட்டல்களையும் குறிவைத்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலில் 260-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறு மறையுரையில் கத்தோலிக்கக் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களைத் தாங்கள் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அதே கர்தினால்தான் விசாரணை முழுமையாக நடக்க வேண்டும், பின்னால் இருந்தவர்கள் யார் என்று நாட்டுக்குத் தெரிய வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வருகிறார். 2023 ஜனவரியில் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு அவர் கத்தோலிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபைத் தரப்பு அதை ஏற்கவில்லை.

இதைப் பார்த்துப் பலருக்குக் குழப்பம். மன்னித்தாயிற்று என்றால் அப்புறம் என்ன வழக்கு? நீதி கேட்கிறார்கள் என்றால் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இந்தக் குழப்பம் வேறு உருவத்திலும் வருகிறது. ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு வீடு கத்தோலிக்கம், அடுத்த வீடு பெந்தெகொஸ்தே, அதற்கடுத்த வீட்டில் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவர்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாடசாலைக்குப் போகிறார்கள். "பாதர்கிட்ட போய்ச் சொன்னா பாவம் போயிடுமா?", "கையைத் தூக்கி இயேசுவை ஏத்துக்கிட்டா அவ்வளவுதானா?", "அப்படின்னா திரும்பத் திரும்பச் செய்யலாமா?" என்று கேள்விகள் வீட்டுக்கு வருகின்றன. பெரியவர்கள் பெரும்பாலும் தங்கள் சபையின் பதிலைச் சொல்லி அடுத்த சபையைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். குற்றம் நீங்குவது, சேதத்தைச் சரிசெய்வது, சட்டப்படி பொறுப்பேற்பது என்ற மூன்று வேறு வேறு விஷயங்களை 'மன்னிப்பு' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். கிறிஸ்தவ போதனை இந்த மூன்றையும் பிரித்தே பேசுகிறது. அடிப்படையிலிருந்து பார்த்து வந்தால் இது விளங்கும்.

முதலில் சில சொற்கள்

1. பாவம்: தவறுகளின் பட்டியல் மட்டும் இல்லை. கடவுளோடும் அடுத்தவரோடும் உள்ள உறவு முறிவதைக் கிறிஸ்தவம் பாவம் என்கிறது. எல்லோரும் பாவம் செய்தவர்கள் என்பது அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் (3:23) உள்ள ஆரம்பப் புள்ளி.

2. மனந்திரும்புதல்: வருத்தப்படுவதும் வழியை மாற்றுவதும் சேர்ந்தது. மாட்டிக்கொண்டோமே என்ற வருத்தம் இதில் சேராது.

3. பாவ அறிக்கை: செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்வது. கத்தோலிக்கர்களில் மூத்தவர்கள் இதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள்; இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று சொல்கிறார்கள்.

4. கிருபை, அல்லது அருள்: தகுதி பார்க்காமல் கடவுள் தருவது. சீர்திருத்தச் (புரொட்டஸ்தாந்து) சபைகளில் கிருபை, கத்தோலிக்கரிடம் அருள், பொருள் ஒன்றே.

5. இரட்சிப்பு, அல்லது மீட்பு: பாவத்திலிருந்தும் மரணத்திலிருந்தும் விடுவிக்கப்பட்டுக் கடவுளோடு சேர்க்கப்படுவது.

சைவர்களுக்கு அருள் என்பது புதிய சேதி இல்லை. வினை, அருள் இரண்டைப் பற்றியும் தமிழ்ச் சைவம் ஆழமாகப் பேசியிருக்கிறது. கிறிஸ்தவம் தனித்து நிற்பது, அந்த அருள் இயேசுவின் சிலுவை மரணத்திலும் உயிர்ப்பிலும் வந்தது என்று சொல்லும் இடத்தில்தான்.

கூலியா, கொடையா?

கிருபையை விளக்க இயேசு எடுத்துக்கொண்டது ஒரு தோட்டக் கதை (மத்தேயு 20). திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு, நண்பகலுக்கு, மூன்று மணிக்கு மறுபடி எடுக்கிறார். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது, யாரும் கூப்பிடாமல் நின்றவர்களையும் உள்ளே அனுப்புகிறார். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே நாட்கூலி.

நம் தோட்டங்களில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாட்கூலி; குறைந்தால் அரைப்பேர். கதையில் வரும் தோட்டக்காரர், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் மலையில் நின்றவருக்கும் முழுப்பேர் போடுகிறார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். கூலிக் கணக்கில் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் கதை கூலிக் கணக்கைப் பற்றியது இல்லை. யாரும் கூலிக்கு எடுக்காத ஆளுக்கும் அன்று இரவு அடுப்பு எரிய வேண்டும் என்று தோட்டக்காரர் நினைத்தார், அவ்வளவுதான்.

பவுல் இதையே நேராகச் சொல்கிறார்: வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபை ஆகாது, அது அவனுக்குச் சேர வேண்டிய கடன் (ரோமர் 4:4). கூலி என்றால் உரிமையோடு கேட்டு வாங்கலாம். கிருபையை அப்படிக் கேட்க முடியாது, பெற்றுக்கொள்ளத்தான் முடியும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியர் நிருபம் (2:8) சொல்லும்போது அர்த்தம் இதுதான். அதே இடத்தில் இரண்டு வசனம் தள்ளி, நற்செயல்களுக்காகவே நாம் உருவாக்கப்பட்டோம் என்றும் இருக்கிறது. முதல் வசனத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே மாட்ட வேண்டும்.

இந்த விவாதம் வந்த பாதை

1. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் தன் மன உறுதியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று போதித்தார். ஆயர் அகுஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார். 529-ல் ஆயர்கள் கூடிய ஒராஞ்ச் சங்கம், கடவுளை நோக்கித் திரும்பும் முதல் அசைவுகூட அருளால்தான் வருகிறது என்று முடிவு செய்தது. ஆகவே 'கத்தோலிக்கர்கள் புண்ணியத்தால் மோட்சத்தை வாங்கலாம் என்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு, அவர்கள் சபையின் எழுதப்பட்ட போதனைக்குப் பொருந்தாது. நடைமுறையில் சிலர் அப்படி நினைத்து வாழ்வது வேறு விஷயம்.

2. 1517-ல் மார்ட்டின் லூதர், பாவத் தண்டனை குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்படுவதை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டார். மனிதன் கடவுள் முன் நீதிமானாக எண்ணப்படுவது விசுவாசத்தால் மட்டுமே என்பது அவருடைய மையப் போதனை ஆயிற்று.

3. 1547-ல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் பதில் தந்தது. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதன் செய்யும் எதுவும் அதைச் சம்பாதித்துத் தராது என்று அதுவும் ஒத்துக்கொண்டது. ஆனால் மனிதன் அருளோடு ஒத்துழைக்கிறான், அருள் அவனை உள்ளேயே மாற்றுகிறது, நற்செயல்களால் அந்த வாழ்வு வளர்கிறது என்று வலியுறுத்தியது.

4. 1999 அக்டோபர் 31, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்ட் சபைகள் 2006-லும், கல்வினின் வழிவந்த சீர்திருத்த சபைகளின் உலக அமைப்பு 2017-லும் இதில் சேர்ந்தன.

எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. கடவுள் ஒருவனை நீதிமான் என்று அறிவிக்கிறாரா, நீதிமானாக ஆக்குகிறாரா என்பதில் அழுத்தம் இன்னும் வேறுபடுகிறது. ஆனாலும் 500 வருடச் சண்டையின் முதுகெலும்பு 1999-ல் முறிந்துவிட்டது என்பதை நம் ஊர் மேடைகளில் பேசுகிறவர்கள் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 1893-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் குருமடம் நிறுவிய அம்பிட்டியவும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் ஊழியர்கள் பயிலும் இறையியல் கல்லூரி 1963-ல் தொடங்கிய பிலிமத்தலாவையும் ஒரே கண்டி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மலையகத்துக்கு இந்தச் சமாதானம் தூரத்துச் செய்தியாக இருக்கத் தேவையில்லை.

யாரிடம் சொல்வது?

உண்மையான வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது இங்கேதான்.

கத்தோலிக்க முறையில் குருவிடம் சொல்ல வேண்டும். அடிப்படை, உயிர்த்த இயேசு சீடர்களிடம் 'எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும்' என்று சொன்ன யோவான் 20:23. ஆனால் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் முழந்தாளிட்டுச் சொல்லும் முறை தொடக்கத்திலிருந்தே இருந்தது இல்லை. ஆதித் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்றவற்றுக்கு எல்லோரும் அறியத் தவம் செய்ய வேண்டியிருந்தது. தனியாகக் குருவிடம் சொல்லும் வழக்கத்தை ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் பரப்பினார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற கட்டளை 1215-ல், நான்காம் லாத்தரன் சங்கத்தில் வந்தது. நடுவில் திரை வைத்த கூடு 16-ம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோ காலத்தில் வழக்கமானது.

பாவ அறிக்கை செய்பவரிடம் மூன்று விஷயங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன: மனஸ்தாபம் (செய்ததற்கு உண்மையாக வருந்துவது), சாவான பாவங்களை (அருள் நிலையை இழக்கச் செய்யும் கனமான பாவங்களை) ஒளிக்காமல் சொல்வது, குரு சொல்லும் பரிகாரத்தைச் செய்வது. இதில் முதலாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் நிற்காது. ஆகவே 'பாதரிடம் சொன்னால் போய்விடும்' என்பது பாதி உண்மை. மனம் வருந்தாமல், அடுத்த சனிக்கிழமையும் அதையே செய்யத் தீர்மானித்துக்கொண்டு சொன்னால், குருவின் வார்த்தை அவருக்குப் பயன் தராது என்பதுதான் அந்தச் சபையின் சொந்தப் போதனை. மன்னிப்பவர் கடவுள்; குரு அவருடைய கருவி.

குருவே இல்லாவிட்டால்? இந்தக் கேள்வி கண்டியில் ஒரு காலத்தில் உயிருள்ள கேள்வியாக இருந்தது. 1658-ல் கரையோரத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். வருடக்கணக்காக அந்த மக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. 1687-ல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசேப் வாஸ், தமிழும் சிங்களமும் படித்து, 1692-ல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். ஒற்றன் என்ற சந்தேகத்தில் அடைத்து வைக்கப்பட்டார். 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது மற்றவர்கள் ஓட, அவர் நோயாளிகளோடு நின்றார். 1711-ல் கண்டியிலேயே இறந்தார். 2015-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் வருமுன் இறந்தவர்களின் கதி என்ன? கடவுள்மேல் உள்ள அன்பினால் உண்மையாக மனம் வருந்தி, வாய்ப்புக் கிடைத்ததும் குருவிடம் சொல்வேன் என்ற எண்ணம் இருந்தால், மன்னிப்பு உடனே கிடைக்கிறது என்கிறது கத்தோலிக்க போதனை. கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், வத்திக்கான் இதையே மறுபடி நினைவுபடுத்தியது. பாதர் மாதத்துக்கு ஒரு முறை வந்து போகும் தோட்டங்களில் சாகக் கிடக்கும் ஒருவருக்கு இது சின்ன ஆறுதல் இல்லை. இதை மறைக்கல்வியில் இன்னும் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலிக்கன் சபையில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பொதுப் பாவ அறிக்கை சொல்வார்கள். ஐயர் (சபையின் குரு) மன்னிப்பின் வார்த்தையைக் கூறுவார். தேவைப்பட்டால் தனியாகவும் சொல்லலாம், கட்டாயம் இல்லை. 1854-ல் தோட்டத் தமிழர்களுக்காகத் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் வழியாக இந்த முறை மலையகத்துக்குள் வந்தது. லூத்தரன் சபையும் தனி அறிக்கையை ஒழிக்கவில்லை. 1530-ம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதைக் காக்க வேண்டும் என்றே சொல்கிறது. லூதரைக் காட்டிப் பாவ அறிக்கையையே கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் நேராகக் கடவுளிடமே அறிக்கை. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9 அங்கே மையம். ஆனால் யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. அதனால் பாஸ்டரிடமோ ஜெபக்கூட்டத்திலோ சொல்வதும் உண்டு. சபைக்கு முன் நின்று சாட்சி சொல்வது இதோடு கலந்துவிடுகிறது. அதிலுள்ள ஆபத்தைக் கடைசியில் பார்ப்போம்.

தராசில் கழித்த இரண்டு கிலோ

குற்றம், சேதம், பொறுப்பு ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க ஓர் உதாரணம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பார்க்கும் ஒருவர், ஒவ்வொரு பெண்ணின் கூடையிலும் நியாயமில்லாமல் இரண்டு கிலோ கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துண்டில் 17 என்று எழுதுகிறார். தராசு காட்டியது 19. அந்த இரண்டு கிலோவால் ஒருத்திக்கு முழுப்பேர் போய் அரைப்பேர் ஆகிறது. மாதக் கடைசியில் கடைக்கடன் அடையவில்லை. தவக்காலத்தில் அவர் மனம் மாறுகிறார். இப்போது என்ன நடக்க வேண்டும்?

1. குற்றம்: கடவுளிடம் உண்மையாக மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு. இதற்கு விலை கிடையாது. கத்தோலிக்கர் குருவின் வழியாகவும் மற்றவர்கள் நேரடியாகவும் இதைப் பெறுகிறார்கள். இதில் எல்லாச் சபைகளுக்கும் ஒத்த கருத்து.

2. சேதம்: எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்க ஒழுக்கப் போதனை இதை நீதியின் கடமை என்கிறது. பரிகாரமாகச் சொல்லும் மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் (மரியன்னையை நோக்கிய செபம்) இதற்கு ஈடாகாது. யாரிடம் எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். தெரிந்தால் அவர்களுக்கேதான். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் இயேசு 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார் (லூக்கா 19). நாலத்தனை கொடுத்ததால் இரட்சிப்பு வந்தது என்று அர்த்தமில்லை. அவன் அழைக்காமலே இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோதே அது தொடங்கிவிட்டது. வந்தது நிஜம் என்பதற்கு அந்தப் பணம் அடையாளம்.

3. பொறுப்பு: தோட்ட நிர்வாகமோ தொழிற்சங்கமோ விசாரித்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். 'நான் கர்த்தரிடம் அறிக்கை செய்துவிட்டேன்' என்பது விசாரணைக்குப் பதிலாகாது.

மலையகத்தில் நான் பார்த்த அளவில், முதலாவதைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்கலாம். இரண்டாவதைப் பற்றிக் கேட்பது அபூர்வம். கூலியில் ஏமாற்றப்பட்ட வரலாறுள்ள ஒரு மக்களுக்கு இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது, நற்செய்தியைப் பாதியில் நிறுத்துவது.

நேர்த்திக்கடனும் பரிபூரண பலனும்

மாத்தளைப் பக்கம் வாஹாகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு இந்துக்களும் போகிறார்கள், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், நேர்ந்துகொண்டதைச் செலுத்துகிறார்கள். நேர்த்திக்கடன் நன்றியாக இருக்கும்வரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. இவ்வளவு கொடுத்தேன், ஆகவே மன்னிக்க வேண்டும் என்று ஆகும்போது அது மறுபடி கூலிக் கணக்கு.

2025 யூபிலி ஆண்டில் பரிபூரண பலன் பற்றிப் பலரும் கேட்டார்கள். கத்தோலிக்க விளக்கப்படி அது பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவம் விட்டுச் செல்லும் தற்காலிகத் தண்டனையை நீக்குவது; லூதர் காலத்தில் காசுக்கு விற்கப்பட்ட சீட்டுகள் இந்த வகைதான். அதற்கு முதலில் பாவசங்கீர்த்தனம் வேண்டும், நற்கருணை வாங்க வேண்டும், பாப்பரசரின் கருத்துக்காகச் செபிக்க வேண்டும், பாவத்தின்மேல் பற்று இருக்கக் கூடாது. காசுக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1567-ல் பாப்பரசர் 5-ம் பத்திநாதரே ரத்து செய்துவிட்டார். சீர்திருத்தச் சபைகள் இந்த முழுக் கருத்தையும் ஏற்பதில்லை. சிலுவையில் எல்லாத் தண்டனையும் தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். இதில் இன்றும் உடன்பாடு இல்லை.

பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

சுருக்கமாக: உண்மையாக இரட்சிக்கப்பட்டவரைக் கடவுள் கடைசிவரை காப்பார் என்பது கல்வினின் வழிவந்த சபைகள். விழுந்துபோக முடியும், திரும்பவும் வரலாம் என்பது வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் சபையும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும். பின்மாற்றம் என்ற சொல் அங்கே அடிக்கடி கேட்கும். சாவான பாவத்தால் அருள் நிலையை இழக்கலாம், ஒப்புரவால் திரும்பப் பெறலாம் என்பது கத்தோலிக்கம். 'அப்படியானால் தைரியமாகப் பாவம் செய்யலாமா' என்ற கேள்விக்கு மூவருடைய பதிலும் ஒன்றே. அதைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாது என்று முடித்துவிட்டார் (ரோமர் 6:1-2).

மலை சரிந்தால் யார் செய்த பாவம்?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்மேடு சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் மறுபடி மண்ணுக்குள் புதைந்தது. இப்படி நடக்கும் ஒவ்வொரு முறையும் 'அந்த ஊர் செய்த பாவம்' என்று யாராவது ஒருவர் மேடையில் பேசிவிடுகிறார். இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகளா? இல்லை என்று சொல்லி, கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார் (லூக்கா 13:4-5). பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் பாவ அறிக்கை கேட்பது கிறிஸ்தவ போதனையே இல்லை.

மன்னிப்பும் நீதிமன்றமும்

1981 மே 13-ல் பாப்பரசர் 2-ம் ஜோன் போலை மெஹ்மெட் அலி அக்ஜா சுட்டார். நான்கு நாளில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, அவரை மன்னித்துவிட்டதாகப் பாப்பரசர் சொன்னார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்தார். ஆனால் அக்ஜா 2000-ம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னித்தவர், வழக்கை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

உயிர்த்த ஞாயிறு வழக்கையும் இப்படிப் பார்க்கலாம். மன்னிப்பது, பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. அதைப் பாதிக்கப்பட்டவர் தன் பங்குக்குச் செய்யலாம். உண்மையைக் கண்டுபிடிப்பதும், மறுபடி நடக்காமல் தடுப்பதும், கடமை தவறியவரைப் பொறுப்பேற்க வைப்பதும் அரசின் வேலை. அது இறந்தவர்களுக்கும் நாளை இறக்கக்கூடியவர்களுக்கும் உரிய கடன். அதைத் தள்ளுபடி செய்ய எந்தக் கர்தினாலுக்கும் உரிமை இல்லை. என்ன செய்தேன் என்று தெளிவாகச் சொல்லாத மன்னிப்புக் கோரிக்கை, மேலே சொன்ன அளவுகோல்படி பாவ அறிக்கையே ஆகாது. ஆகவே மன்னிப்பதாகச் சொல்வதும் விசாரணை கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

வீட்டுக்குள் இது என்ன செய்கிறது

மன்னிப்புப் போதனை தவறாகப் பயன்படுத்தப்பட்டு அதிகம் காயம் செய்யும் இடம் வீடு. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு பாவ அறிக்கை செய்கிறார். எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "கர்த்தரே மன்னிச்சிட்டாரு, நீ மன்னிக்க மாட்டியாம்மா?" என்கிறார்கள். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்ற வசனமும் வருகிறது.

அந்த வசனத்தை அடுத்து வரும் கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும் (மத்தேயு 18). ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டவன் மன்னிக்கப்படுகிறான். தனக்கு 100 வெள்ளிப்பணம் கடன்பட்டவனை அவன் கழுத்தை நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஆக முதல் கடன் 6 கோடி நாள் கூலி. யாராலும் அடைக்க முடியாதது. இரண்டாவதைப் பிரசங்கங்களில் அற்பக் கடன் என்று சொல்லிவிடுவார்கள். 100 பேர் அற்பமா? மாதம் 25 பேர் போடும் ஒரு குடும்பத்துக்கு அது நான்கு மாதச் சம்பளம். நமக்கு இழைக்கப்பட்டதை இயேசு சின்னது என்று சொல்லவில்லை. வலி உண்மையானது என்று ஒத்துக்கொண்டுதான் மன்னிக்கச் சொல்கிறார்.

அதே அதிகாரத்தில், இதற்குச் சற்று முன்னால், தவறு செய்தவனைத் தனியாகக் கண்டித்துப் பார், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்ற ஒழுங்கும் இருக்கிறது. அடி வாங்கியவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த வரியும் சொல்லவில்லை. ஆகவே,

1. மன்னிப்பைக் கேட்கலாம், கட்டளையிட முடியாது. எப்போது மன்னிப்பது என்பது காயப்பட்டவருடைய நேரம்.

2. மன்னிப்பது வேறு, மறுபடி நம்பி அதே அறையில் வாழ்வது வேறு. பின்னதற்குக் குடி நின்றதா, கை நின்றதா என்று பார்க்க வேண்டும்.

3. பொலிசில் முறைப்பாடு செய்வது மன்னிக்காததன் அடையாளம் ஆகாது. இலங்கையில் பெண்கள் 1938 என்ற உதவி இலக்கத்துக்கும், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அழைத்தவரைச் சபை குறை சொல்லக் கூடாது. கூட நிற்க வேண்டும்.

யாரிடமாவது சொல்வதற்கு முன்

1. கத்தோலிக்கக் குரு, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. நேரடியாக வெளியிடும் குரு அந்த நொடியே சபை நீக்கத்துக்கு உள்ளாகிறார். குற்றம் செய்தவரைப் பொலிசில் சரணடையும்படி அவர் வற்புறுத்தலாம். தானே போய்ச் சொல்ல முடியாது. அறிக்கைக்கு வெளியே சாதாரணமாகப் பேசியதற்கு இந்த இரகசியக் காப்பு கிடையாது.

2. மற்றச் சபைகளில் போதகர் இரகசியம் காப்பது அவருடைய ஊழிய ஒழுக்கத்தையும் சபை விதியையும் பொறுத்தது. சொல்வதற்கு முன்னாலேயே, இது யார் யாருக்குப் போகும் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

3. சாட்சி சொல்லும்போது தன் பாவத்தை மட்டும் சொல்லலாம். மனைவி, மகள், பக்கத்து வீட்டார் சம்பந்தப்பட்டதை மைக்கில் சொன்னால், திங்கட்கிழமை காலை மலைக்குப் போகும்போது அவர்கள்தான் தலைகுனிய வேண்டியிருக்கும். அது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு பாவம்.

4. பாதிக்கப்பட்ட பிள்ளை ஒன்று போதகரிடமோ ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடமோ வந்து சொன்னால், அது பாவ அறிக்கை இல்லை. பிள்ளை எந்தப் பாவமும் செய்யவில்லை. ஜெபித்து அனுப்பிவிடாமல், அன்றைக்கே பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும்.